எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கண்டிக்கு

நோயாளியாக இருப்பதும் ஒரு வேலைதான். லீவு மட்டும் கிடையாது. முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடித்து ஓய்ந்த பிறகு எனக்கு வாய்த்தது பெருங்குடல் புண். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை கக்கூசு, இரத்தம் வேறு. இதைப் படிக்கிற சக நோயாளிகளான உங்களுக்கு விளக்க வேண்டாம். கல்யாணம், கருமாதி எதற்கும் எங்கள் ஊர் அக்கரப்பத்தனையைத் தாண்ட முடியவில்லை. நடுவில் இறங்காமல் ஒரு பஸ் பயணம், அதுதான் என் ஆசை. பயோலஜிக் மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே உறை

இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். அதனால் சயரோகம் மறைந்திருக்கிறதா என்று முதலில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய உறையோடு நான் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியதைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தேத்தண்ணி தனிக் கோப்பையில். வயிற்று விஷயத்தைப் பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று பதினெட்டு நாள் பொறுத்தேன். பத்தொன்பதாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டேன்.

"ஏண்ணே, வயித்தால போறதுக்கா நான் இத்தனை நாளா உங்க கோப்பைய சுடுதண்ணியில அவிச்சேன்?" என்றாள்.

சொட்டுக் கணக்கு

கண்டியில் படுக்க வைத்து, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். முதல் மூன்று தடவை நெருக்கமாக, பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று. என் கண் தராசு முள்ளில் பழகிய கண், சும்மா இருக்கவில்லை. நான் கையை அசைத்ததில் சொட்டு மாறிவிட்டது. "மிஸ், நிமிசத்துக்கு இருபதுன்னீங்க, இருபத்திமூணு விழுதுங்க" என்று மெல்லச் சொன்னேன். சிங்கள நர்ஸ் குனிந்து எண்ணிப் பார்த்துச் சரிசெய்தார். அடுத்த தடவை என்னைக் கண்டதும் வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஐயா வந்தாச்சு, இனி எல்லா போத்தலையும் அவரே பார்ப்பார்!"

பஸ் நின்ற வளைவு

கண்டிக்கு ஹட்டன் வழியாகத்தான் போக வேண்டும். முதல் மூன்று பயணத்திலும் ஹட்டன் பஸ்ஸில் கதவோரம் உட்கார்ந்து, ஒரே வளைவில் நிறுத்தச் சொல்லி, தேயிலைக்குள் ஓடினேன். பஸ் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த வெட்கத்தை எழுத முடியாது.

மூன்றாவது தடவை ஏற்றிய பிறகு பதினான்கு ஆறாகி, ஆறு மூன்றானது. நான்காவது பயணத்தில் அதே பஸ்ஸில் துணிந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நான் கேட்காமலே அதே வளைவில் பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னைக்கு வேண்டாங்க" என்றேன். கொண்டக்டர் முன்பக்கம் பார்த்துக் கத்தினார்:

"ஐயாவுக்கு வேணாமாம்! டிரைவர் அண்ணே, நிப்பாட்டினதுக்கு நீங்களாச்சும் போய்ட்டு வாங்க!"

நோய் முழுதாகப் போகாதாம். ஆனால் இப்போது ஹட்டன் வரைக்கும் சத்தம் போடாமல் என்னோடு உட்கார்ந்து வருகிறது.