அக்கா அளந்து வைத்த இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. அதனால் அவர் வீட்டைப் பற்றியே எழுதுகிறேன். அதைச் சொன்னாலே அக்காவைச் சொன்னதாகிவிடும்.

நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர் அக்கா. அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் பள்ளியைப் பாதியில் விட்டு, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அவர் சம்பளத்தில்தான் தங்கை நான் படித்தேன். எனக்குக் கல்யாணமும் நடந்தது. அவருக்கு நடக்கவில்லை. பார்த்துச் செய்துவைக்க ஆளில்லை என்பதுதான் உண்மை. வேலையில் இருந்த காலமெல்லாம் மற்ற பெண்களோடு வாடகை அறையில் இருந்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி வைக்கத்தான் அவருக்கென்று இடம் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஜார்ஜ் டவுனில் சின்னதாக ஓர் அடுக்குமாடி வீடு அமைந்தது. சேமிப்பெல்லாம் அதற்கே போய்விட்டது. உள்ளே போட ஒன்றுமில்லை. அக்கா அசரவில்லை. ஞாயிறு காலையானால் பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். கைப்பையில் ஒரு நீல ராபியா பிளாஸ்டிக் கயிறு இருக்கும். வீட்டில் காலியாக இருக்கும் இடங்களை அளந்து அதில் முடிச்சுப் போட்டிருப்பார். விளக்குமாறு நுழைய வேண்டும் என்று ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் குறைத்தே போடுவார். சாமான் அதற்குள் அடங்கினால்தான் பேரமே பேசுவார்.

"அழகா இருக்குன்னு வாங்கக்கூடாது பாப்பா. எடம் இருக்கான்னு பாத்துத்தான் வாங்கணும்" என்பார்.

மூடிப்போன ஏதோ அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் அரிசியும் பருப்பும் குடியேறின. பழைய கிளினிக் ஒன்றின் மருந்து அலமாரி மசாலாச் சாமான்களுக்கு. தையல் இயந்திரத்தின் இரும்புக் காலில் ஒரு பலகையைப் பொருத்திச் சாப்பாட்டு மேசை ஆக்கினார். அதைச் சுற்றி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு நாற்காலிகள். தனி ஆளுக்கு நான்கு எதற்கு என்று கேட்டேன். "நம்ம ஆளுங்க வந்தா நிக்கவா வைக்கிறது?" என்றார்.

நம்ம ஆளுங்க வந்தார்கள். உட்காரத்தான் இல்லை. செத்தவர்கள் வீட்டுச் சாமானாக இருக்குமோ என்று பயம். சித்தி ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும்) சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே தேநீரைக் குடித்து முடித்தார்.

"மஞ்சத் தண்ணில கழுவி, சூடம் காட்டித்தான் உள்ள கொண்டாந்தேன். உக்காருங்க சித்தி."

"இருக்கட்டும்லா. கெளம்பணும்."

சித்தி போனதும் அக்கா நாற்காலிகளைத் துடைத்து மேசைக்கடியில் தள்ளினார். அவற்றில் ஆற அமர உட்கார்ந்து தேநீர் குடித்தவர், அவற்றைக் கொண்டுவந்து இறக்கிய பழைய சாமான் கடை அண்ணன் மட்டும்தான்.

என் கணவர் காலமானார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "இங்க வந்துரு" என்றார் அக்கா. படுக்கை அறையில் தன் கட்டிலுக்கு எதிரே, சுவரோரம் இடம் ஒழித்து, கயிற்றில் கடைசி முடிச்சைப் போட்டார். அது எனக்கான கட்டிலுக்கு. ஒடுக்கமாக இருக்க வேண்டும். என் துணிமணிக்கு அடியில் இழுப்பறையும் வேண்டும். பாய் போதும் என்றேன். "முட்டி வலிக்காரிக்குப் பாயா? எந்திரிக்கறப்ப யாரு தூக்குறது, நானா?" என்றார். வாராவாரம் தேடினார். தோதான கட்டில் அகப்படவில்லை; நானும் குடிவரவில்லை.

அதற்குள் அக்கா போய்விட்டார். காலையில் விளக்கேற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணிதான் முதலில் பார்த்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், "இதையெல்லாம் லோரில ஏத்தி விட்டுரு" என்றார்கள். நான் வாய் திறக்குமுன் அக்காவின் கைப்பேசி அடித்தது. கடை அண்ணன்தான். அவருக்கு விஷயம் தெரியாது.

"அக்கா, நீங்க கேட்ட கட்டில் வந்திருச்சுலா! கயித்த எடுத்துக்கிட்டு வாங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர், "கட்டில நான் கொண்டாரேன்மா. நீங்க எடத்த மட்டும் காட்டுங்க" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொண்டுவந்தார். கயிற்றைப் பிடித்துப் பார்த்தோம். கட்டில் கடைசி முடிச்சுக்குச் சரியாக நின்றது. சுவரோரம் விளக்குமாறு போய் வந்தது. அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். டார்ச் எங்கே, நூல்கண்டு எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அக்கா அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரையும் கேட்க வேண்டியதில்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்துக்காகச் சில நாள் சமையலறையில் சும்மா நிற்கிறேன்.

அக்காவை முதலில் தாங்கிப் பிடித்த எதிர்வீட்டாருக்கும், கட்டிலைக் கொண்டுவந்த அண்ணனுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி.

நினைவு நாள் பூஜை அக்கா வீட்டிலேயே நடப்பதால், இதைப் படிக்கும்போது நீங்கள் அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில்தான் இருப்பீர்கள். துடைத்து வைத்திருக்கிறேன். இறந்தவர் வீட்டுச் சாமான் என்று அன்று பயந்தீர்கள். இன்று அது உண்மைதான். இறந்தவர் நம் அக்கா. உட்காருங்கள்.