என்மேல் எழுதிக் கொடுத்தவள்

சொந்தத் தம்பிமேல் புகார் எழுதிக் கொடுத்த அக்காவை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு ஒருத்தி இருக்கிறாள். பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு முழுத் தாள், இரண்டு பக்கமும். அந்தத் தாள் என்னை, நான் காவலாளியாக நின்ற ஷாப்பிங் மாலின் முன்வாசலிலிருந்து தூக்கி, தரைக்கு இரண்டு மாடி கீழே, வண்டி நிறுத்துமிடத்தில் கொண்டுபோய்ப் போட்டது. அன்றிலிருந்து வேலை நேரத்தில் நான் வெயிலைப் பார்த்ததில்லை. புகையும் ஹாரனும்தான். ஒரு காது பாதி போய்விட்டது.

அவளைப் பற்றி எழுதுவதென்றால் இங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். மரியாதைக்காக வேறு எங்காவது தொடங்கினால் அது பொய்.

அக்காவுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியில், லினன் ரூமில். படுக்கை விரிப்பு, போர்வை, ஆபரேஷன் உடுப்பு எல்லாம் சலவையிலிருந்து சூட்டோடு அங்கேதான் வரும். கிழிந்ததைப் பிரித்தெடுத்து, ஒட்டுப் போட்டு, நாடா மாற்றி, மடித்து, வார்டு வாரியாக அடுக்குவது அவள் பாடு. அறைக்கு ஜன்னல் கிடையாது. முப்பது வருஷமாக அதே தையல் மெஷின், அதே முக்காலி. முதுகு அந்த முக்காலிக்கு ஏற்றபடி வளைந்துவிட்டது. உடம்பில் எங்காவது நூல் ஒட்டிக்கொண்டே இருப்பதால் டாக்டரிலிருந்து கூட்டுகிறவர் வரைக்கும் அவள் பெயர் நூலக்கா.

அக்காவுக்குப் பிள்ளை வந்ததும் அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான். பிழைக்க வேறு நாட்டிலிருந்து வந்த ஒருத்தி பிரசவத்தில் செத்துப்போனாள். பிள்ளையைத் தேடி யாரும் வரவில்லை. குழந்தைகள் வார்டுக்குத் துணி கொண்டுபோன அக்கா, துணியை இறக்கிவிட்டுத் திரும்பாமல் தொட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். மறுநாளும் நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள், அதை எடுத்து வளர்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. நாங்களும் ஒன்றும் வெளுத்த குடும்பம் இல்லை. ஆனால் அது வேறு இனம். எங்களைவிட நாலு மடங்கு கறுப்பு, தலையோடு இறுகிச் சுருண்ட முடி. எங்கள் ஜாடை மருந்துக்கும் கிடையாது.

அத்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“நானா, அதுவா? இப்பவே சொல்லு.”

“சாப்பாடு ஆயிடுச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க.”

அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மோர் கூட வாங்கிக் குடித்தார். திரும்பி வரவில்லை.

தத்து எடுப்பதென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது என்று நான் நினைத்திருந்தேன். இரண்டரை வருஷம் இழுத்தது. தனியாக இருக்கிற பொம்பளை என்பதால் கேள்வியும் இரட்டிப்பு. ஒரு பெண் அதிகாரி வந்து ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், அடுப்பு எத்தனை உயரம் என்று பார்த்தாள். என்னைப் பார்த்து, “நீங்கதான் மாமாவா? பிள்ளையை நாலு இடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?” என்றாள். “ஏன் மாட்டேன்?” என்றேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

முதல் வருஷம் பிள்ளையின் முடியை வாரத் தெரியாமல் அக்கா மூன்று சீப்பை உடைத்தாள். பஸ் நிறுத்தத்தில் அந்த இனத்து அம்மா ஒருத்தி பார்த்துப் பொறுக்காமல், “இது தலையா, துணியா? இப்படியா இழுப்பாங்க?” என்று பிடுங்கிப் பின்னிவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த அம்மா வீட்டுக்குப் போய் அக்கா கற்றுக்கொண்டாள். ஆறு நாள் ஆஸ்பத்திரித் தையல், ஏழாம் நாள் இது.

வெளியே போனால் வேறு தொல்லை.

“யாரு பிள்ளைம்மா இது?”

“என் பிள்ளை.”

“அது சரி, நிஜமா யாரு பிள்ளை?”

“நிஜமாவே என்னோடதுதான். உங்க வீட்டுல இருக்கிறது நிஜமா யாரோடது?”

கேட்டவள் வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள். எங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, “தினம் நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லி அசந்து போச்சுடா” என்பாள்.

இனி வாசல் கதை. எங்கள் மாலில் எழுதி வைக்காத ஒரு விதி உண்டு. அந்த இனத்து ஆள் தனியாக வந்தால் பையைத் திறந்து பார்க்க வேண்டும், எதற்கு வந்தாய் என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் தனியாக வந்தால் உள்ளே விடக் கூடாது. காலையில் வரிசையாக நிற்கும்போது சூப்பர்வைசர் வாயால் சொல்லுவார், அவ்வளவுதான். வாக்கி-டாக்கியில் ‘ரெண்டாம் நம்பர் விருந்தாளி’ என்று சத்தம் வந்தால் அவர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். நான் முன்வாசலில் ஏழு வருஷம் அதைச் செய்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்க வந்தார்கள். அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வர, பாப்பா என்னைப் பார்த்துவிட்டு முன்னால் ஓடி வந்தது. “மாமா!” சூப்பர்வைசர் என் தோளை ஒட்டி நிற்கிறார்.

“யாருய்யா இது? தெரிஞ்ச பிள்ளையா?”

“தெரியாது சார்.”

என் வாய்தான் சொன்னது. பாப்பாவிடம் “ஓரமா நில்லும்மா” என்றேன். நின்றது. காட்டிய இடத்தில், கை இரண்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. அக்கா வந்து சேர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வந்தாள், பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். “மாமாவுக்கு என்னைத் தெரியலையாம்மா?” என்று பாப்பா கேட்டது என் காதில் விழுந்தது. “மாமாவுக்குக் கண்ணுல கோளாறு. வெயில்ல ஆள் தெரியாது” என்றாள் அக்கா.

அந்த வாரமே எழுதிக் கொடுத்தாள். ‘வாசல் காவலாளி என் மகளை நிறம் பார்த்து நிறுத்தினார், இப்படி ஒரு விதி இருந்தால் அதை நீக்க வேண்டும்.’ காவலாளி தன் தம்பி என்று எங்கும் எழுதவில்லை. மேலே இருப்பவர்கள் பதில் போட்டார்கள்: அப்படி ஒரு விதியே கிடையாது, அது அந்தக் காவலாளி தன்னிஷ்டத்துக்குச் செய்த தவறு, தண்டித்துவிட்டோம். விதி அங்கேயே இருந்தது. நான் கீழே போனேன்.

இரண்டு வருஷம் அக்காவோடு பேசவில்லை. ஆனால் பாப்பா விடவில்லை. அதற்கு என் கண் கவலை. படி வந்தால் என் முழங்கையைப் பிடிக்கும். “பார்த்து மாமா, இங்க ஒரு படி.” கடிதம் வந்தால் எனக்குப் படித்துக் காட்டும். நாற்பதடியில் வண்டி நம்பர் படிக்கிறவன் நான். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கையைக் கொடுத்துவிட்டுக் கூடவே நடப்பேன்.

இப்போது பாப்பாவுக்குப் பத்தொன்பது. அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கப் பயிற்சி. போன மாதம் அதே மாலில் ஒரு சால்வை வாங்கியிருக்கிறது. ரசீது பையிலேயே இருக்கிறது. வெளியே வரும்போது பிடித்து, ஒரு அறையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, பையைத் தரையில் கொட்டியிருக்கிறார்கள். ரசீதைப் பார்த்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாப்பா எதிர்த்துப் பேசியதற்கு, காவலாளியை அடித்தாள் என்று எழுதிவிட்டார்கள். இன ஒதுக்கலை விசாரிக்கிற அலுவலகத்தில் அக்கா புகார் கொடுத்தாள். வியாழக்கிழமை விசாரணை. பாப்பா பக்கம் தோற்றால் அடித்தவள் என்று பெயர் நிற்கும், பயிற்சி போய்விடும். மால்காரர்கள் என்ன காட்டப் போகிறார்கள் தெரியுமா? பதினோரு வருஷத்துக்கு முந்தைய அதே பதிலை. ‘விதி கிடையாது. ஒரே ஒரு காவலாளி தப்புச் செய்தான், அவனையும் தண்டித்தோம்.’

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். லினன் ரூமுக்குப் போனேன். ‘உட்கார்’ என்று கூடச் சொல்லவில்லை, ஒரு விரிப்பின் இரண்டு முனையை என் கையில் திணித்தாள். பெரிய விரிப்பு, ஒருத்தரால் மடிக்க முடியாது.

“விதி உண்டுன்னு நீ வந்து சொல்லணும்” என்றாள்.

“வேலை போயிடும்க்கா.”

“போகும்.”

“எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

“வெயில் இல்ல, வெயில் இல்லன்னு புலம்பிட்டே இருக்கியே. நல்லா காயலாம்.”

எனக்குக் கோபம் வந்தது. பதினோரு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். “என்மேல ஏன்க்கா எழுதின?”

விரிப்பை உதறி இழுத்தாள். “உன்மேல எங்கடா எழுதினேன்? அந்த வாசலைப் பத்தி எழுதினேன். அவங்க உன் தலையில கட்டிட்டாங்க. ‘விதி இருக்கு, சொன்னதைத்தான் செஞ்சேன்’னு நீ அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். பார்த்துட்டே இருந்தேன்.”

மடிக்க மடிக்க விரிப்பு சின்னதாகி, இரண்டு பேரும் கிட்டக்கிட்ட வந்துவிட்டோம். அவள் கண்ணுக்குக் கீழே சதை தொங்கிப் போயிருந்தது. விரல் மூட்டெல்லாம் வீக்கம்.

“வரேன்” என்றேன்.

நன்றி, கின்றி எதுவும் கிடையாது. மடித்ததை என் கையிலிருந்து வாங்கி அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள்.

“அங்க உன்கிட்ட கேப்பாங்க, அன்னிக்கு அந்தப் பிள்ளையை உனக்குத் தெரியுமா, தெரியாதான்னு. தெரியும்னுதான் சொல்லியாகணும். அதை அவ அத்தனை பேர் நடுவுல உட்கார்ந்து முதல் தடவையா கேட்கக் கூடாதுடா. மூணு மணிக்கு அவளுக்கு வேலை முடியும், எக்ஸ்ரே ரூம் வெளியில பெஞ்சு இருக்கு. நான் கூட வர மாட்டேன். நீயே போய், உன் வாயாலேயே, இன்னிக்கே அவகிட்ட சொல்லிடு.”