திண்டிவனத்தைத் தாண்டிய சிப்பாய்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். நான் திண்டிவனத்தில் அவருடைய அம்மாவோடு இருக்கிறேன். வருஷத்தில் முக்கால்வாசி எங்களுக்குப் போனில்தான் குடித்தனம். அந்த எரிச்சலில்தான் படக்கதை வரைய ஆரம்பித்தேன். ஒரு சிப்பாய், அவன் போரெல்லாம் காதலுக்காகத்தான். சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையைப் பிடிக்க இரண்டு படைகள் மோதிக்கொள்ளும். பிடித்தவன் மூச்சிரைக்க மனைவியைக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்பான். அதற்குமேல் பேச அவனுக்கு ஒன்றும் இருக்காது.

வாரம் ஒன்று இன்ஸ்டாவில் போடுவேன். அவருக்கு அதில் ஏகப் பெருமை. "நம்மளத்தான் கிழிச்சிக்கினு இருக்கா" என்று கூட இருப்பவர்களுக்குக் காட்டுவார். அவர்கள் சிரிப்பது போனில் எனக்குக் கேட்கும். மாமியாருக்குத்தான் பிடிக்காது. "கட்டுனவன ஊரே பாத்து சிரிக்கிறாப்ல வரையறியே, நல்லாவா இருக்குது?" என்பார்.

போன லீவுக்குக் காலையில் வர வேண்டியவர், சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். மீன் குழம்பு ஆறிப்போயிருந்தது.

"ரயில்ல நல்லா தூங்கிட்டேன். விழுப்புரம் வந்துதான் முழிச்சேன். அங்க நம்ம பட்டாளத்து ஆளு ஒருத்தன், சாப்ட்டுட்டுதான் போவணும்னு புடிச்சிக்கினான்" என்றார்.

நம்பினேன். எல்லையில் கண்விழித்துக் காவல் காக்கிறவருக்குச் சொந்த ஊர் வந்தது தெரியவில்லையே என்று சிரிப்புக்கூட வந்தது. அவர் திரும்பிப் போனதும் அதையே வரைந்தேன், கொஞ்சம் காரம் சேர்த்து. திண்டிவனம் ஸ்டேஷன்தான் எதிரி முகாம். பிளாட்பாரத்தில் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு நிற்கிறாள். சிப்பாய் சீட்டுக்கு அடியில் ஊர்ந்து, அவள் கண்ணில் படாமல் தப்பி, விழுப்புரத்தில் இறங்குகிறான். அங்கே தலை நிறையப் பூவோடு இன்னொருத்தி அவன் சட்டையில் பதக்கம் குத்துகிறாள்.

போட்ட அன்று மத்தியானமே போன் வந்தது.

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான் சொன்னீங்க" என்றேன், சிரித்துக்கொண்டே.

குரலைத் தாழ்த்தி, "அவளே போன் பண்ணாளா?" என்று கேட்டார்.

"எவ?" என்றேன். சட்டென்று போனை வைத்துவிட்டார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டியா என்று மட்டும் தவறாமல் கேட்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவரைக் கிண்டல் செய்வதாக நினைத்து என்னையே கேலிப்பொருளாக வரைந்து வைத்திருக்கிறேன். கூடையோடு நிற்கிறவள் முகத்தை வேறு, பைத்தியக்காரி, அவ்வளவு ஆசையாக வரைந்திருந்தேன்.

இதுவரை போட்டதில் அந்தப் படத்துக்குத்தான் லைக் அதிகம். வானூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவள் வீட்டுக்காரரும் பட்டாளம்தான், கீழே எழுதியிருந்தாள்: "செம கற்பனைக்கா. எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சோம். அவருக்கும் அனுப்புனேன். அவரு மட்டும் சிரிக்கவே இல்ல, ரசனையே இல்லாத மனுஷன்."

அவளுக்கு நான் என்ன பதில் எழுதுவது? ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவைத்தேன்.