தோற்ற அன்று சாப்பிட்ட மீன்

சபாக்கில் நடந்த தோட்டங்களுக்கிடையிலான நெட்பால் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே நாங்கள் தோற்றுப்போனோம். கௌரவமான தோல்வி என்றுகூடச் சொல்ல முடியாது. எதிரணிப் பெண்கள் பந்தை எங்கள் தலைக்கு மேலேயே வைத்து விளையாடினார்கள். கடைசியில் நடுவர் விசில் ஊதியபோது எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது. மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை. குலை வெட்டும்போது மரத்தடியில் சிதறுகிற பழங்களைக் குனிந்து குனிந்து சாக்கில் சேர்க்க வேண்டும். அணியில் இருந்த ஏழு பேரும் அதே வேலைதான். வேலை முடிந்து குளித்துவிட்டு, கோயிலுக்கு எதிரே இருந்த திடலில் ஆடிப் பழகுவோம். எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து ஆண்கள் சாலையில் நின்று சிரிப்பார்கள். "கல்யாணத்துக்கு இருக்கிற புள்ளைங்க குதிக்கிற குதியப் பாரு" என்பார்கள். நாங்கள் இன்னும் கொஞ்சம் உயரமாகக் குதிப்போம்.

அன்று தோட்டத்து லோரியில்தான் சபாக்குக்குப் போயிருந்தோம். ஓட்டியவர் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அண்ணன். யாரிடமும் வம்பு வேண்டாம் என்று வாழ்ந்தவர். திரும்பி வருகையில் லோரியின் பின்பக்கம் நின்றிருந்தோம். காலையில் கட்டிக்கொண்டு போன சோறு எப்போதோ செரித்துவிட்டிருந்தது. தஞ்சோங் காராங் தாண்டி, கோலசிலாங்கூர் பாலம் வருவதற்கு முன்னால், ஆற்றோரம் இருக்கிற கடல் உணவுக் கடைகள் பக்கமிருந்து மீன் சுடுகிற வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் ஆபீஸ் ஸ்டாப் குடும்பங்கள் காரில் அங்கே சாப்பிடப் போவார்கள். திங்கட்கிழமை அவர்கள் வீட்டு வேலைக்காரி வந்து நண்டு எவ்வளவு பெரிசு என்று எங்களுக்குக் கையை அகலமாக விரித்துக் காட்டுவாள். நாங்கள் அந்தக் கடைகளை லோரியில் இருந்து மட்டுமே பார்த்திருந்தோம்.

நான் டிரைவர் அண்ணனின் தலைக்கு மேலே தகரத்தைத் தட்டினேன். லோரி நின்றது.

"என்னம்மா, யாருக்காவது வாந்தி வருதா?"

"இல்லண்ணே. பசிக்குது. அந்தக் கடைக்கு விடுங்க."

அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "அங்கயா? அது பெரிய ஆளுங்க சாப்பிடற இடம்லா."

"நாங்களும் சின்னப் புள்ளைங்க இல்லண்ணே."

அணியிலேயே உயரமானவள், எங்களுக்குக் கோல் போடுகிறவள், ஏற்கெனவே கீழே குதித்துவிட்டிருந்தாள். என் உயிர்த் தோழி அவள். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம். அவள் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். அண்ணனுக்கு லோரியை ஓரங்கட்டுவதைத் தவிர வழியில்லை.

ஆற்றின் மேலே மரக்கால்கள் நட்டு, பலகை அடித்துக் கட்டிய கடை. மேலே தகரக் கூரை. எங்கள் பாவாடையிலும் முட்டியிலும் சபாக்குத் திடலின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு நொடி தயங்கினோம். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்தாள். மாநிறம், சுருட்டை முடி, கழுத்தில் சின்னச் சிலுவை. சீனரும் இல்லை, மலாய்க்காரரும் இல்லை, நம்மவரும் இல்லை. "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று மலாயில் சொல்லி, நடுவில் இருந்த வட்ட மேசையைத் துடைத்துக் கொடுத்தாள்.

அவள்தான் அந்தக் கடைச் சீனருடைய மனைவி, சமையலும் அவள்தான் என்று பேச்சில் தெரிந்தது. ஊர் மலாக்கா. அங்கே கடலோரத்தில் போர்த்துகீசு வம்சத்தார் வாழ்கிற சிற்றூரில் பிறந்தவள். கணவர் சீன முறையில் நண்டு செய்வாராம், இவள் தன் அம்மா வீட்டு முறையில் மீன் சுடுவாளாம். "போர்த்துகீசு மீன் சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். என் தோழி அவளுடைய சிலுவையைப் பார்த்துவிட்டு, தன் சட்டைக்குள் இருந்த சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினாள். அந்தம்மா கலகலவென்று சிரித்தாள். ஆளுக்கு ஆள் கையில் வைத்திருந்த காசைச் சேர்த்துக் காட்டினோம். அதற்கு என்னென்ன கிடைக்கும் என்று அவளே யோசித்து, இரண்டு பெரிய மீன், ஒரு தட்டு நண்டு, கீரை, சோறு என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் ஆற்றைப் பார்த்த மேசையில் எங்கள் பெரிய கிராணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம்.

பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்தார். தோட்டத்தில் மேனேஜருக்கு அடுத்தபடி அவர்தான். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் யாருக்கு எந்த வேலை, யாருக்கு லீவு, யாருக்கு லயத்தில் வீடு என்பதெல்லாம் அவர் வாயில்தான். அன்று அவரும் மனைவியும் கோலாலம்பூரில் இருந்து வந்த விருந்தாளிகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோட் சூட் போட்ட ஒரு மனிதர், பட்டுச் சேலையில் ஒரு பெரிய அம்மா. கிராணியின் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். டிரைவர் அண்ணன் நாற்காலி பின்னால் சாயும் வேகத்தில் எழுந்து நின்றார். பழக்க தோஷத்தில் எங்கள் பெண்களில் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"இஞ்ச என்ன செய்யிறியள்?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"மேட்சு முடிஞ்சி வர்றோம் ஐயா" என்றார் அண்ணன்.

"வெண்டனீங்களோ?"

"தோத்துட்டோம் ஐயா" என்றேன் நான்.

"தோத்துப்போட்டு வந்து விருந்தோ? இந்தக் கோலத்திலை?" எங்கள் முட்டிகளைப் பார்த்தார். "ஆக்கள் பார்க்கினம். சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லிக்கொண்டு லொறியிலை இருந்து சாப்பிடுங்கோ. எழும்புங்கோ."

அண்ணன் உடனே கடைக்காரம்மாவைத் தேடித் திரும்பினார். எங்கள் மேசையில் எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். என்னையும் அந்தக் குனிதல் இழுத்தது. பிறந்ததில் இருந்து அந்தக் குரலுக்குக் குனிந்துதான் எங்களுக்குப் பழக்கம். ஆனால் அன்று ஏற்கெனவே ஒரு முறை தோற்றாகிவிட்டது. இன்னொரு முறை, அதுவும் சாப்பாட்டு மேசையில், தோற்க எனக்கு மனசில்லை.

"தோத்தா பசிக்காதா ஐயா?" என்றேன்.

"என்ன சொன்னனீ?"

"இங்கயே சாப்பிட்டுக்கிறோம் ஐயா. ஆர்டர் சொல்லியாச்சு."

நான் எழுந்து நிற்கவில்லை. என் தோழி எழுந்து நின்ற இரண்டு பேரின் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கிராணி நேரே அடுப்படிப் பக்கம் போய், அந்தம்மாவிடம் மலாயில் ஏதோ சொன்னார். எங்களைப் பின்பக்கம் மாற்றச் சொல்கிறார் என்பது அவர் கை நீட்டிய திசையிலேயே தெரிந்தது. அவள் கரித்தூள் படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி மலாயில் சொன்னாள். "அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், ஐயா. உங்களுக்கு வேறு மேசை வேண்டுமென்றால் சொல்லுங்கள், துடைத்துத் தருகிறேன்."

கிராணி தன் இடத்துக்குத் திரும்பினார்.

மீன் வந்தது. வாழையிலையில் சுற்றிக் கரியில் சுட்டது. இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. பிரித்தபோது வந்த ஆவியில் எலுமிச்சைப்புல்லான செராயும் மிளகாயும் எலுமிச்சையும் கலந்து அடித்தது. உள்ளே மீனின் மேல் அரைத்த மசாலா தடித்து, சிவந்து, வெண்டைக்காயும் வெங்காயமும் அதோடு வெந்து கிடந்தன. நாங்கள் மீனைக் குழம்பில் போட்டோ, பொரித்தோதான் பார்த்திருக்கிறோம். இது இரண்டும் இல்லை. முதல் வாயில் புளிப்பு, அப்புறம் காரம், காரம் ஏறி முடிவதற்குள் மீனின் இனிப்பு. ஒருத்தி "எங்கம்மா அரைக்கிற மிளகாய்ச் சம்பல் மாதிரி இல்ல?" என்றாள். இன்னொருத்தி "உங்கம்மா இப்படி வச்சா நான் உங்க வீட்டுலயே இருப்பேன்" என்றாள். அதற்குள் நண்டும் வந்தது. அதை உடைக்க ஒரு சின்ன மரச் சுத்தியல் தந்தார்கள். மெல்ல உடைத்திருக்கலாம். நாங்கள் மெல்ல உடைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஆற்றோர மேசை திரும்பிப் பார்த்தது. நான் ஒவ்வொரு காலையும் நிதானமாக உடைத்து, உறிஞ்சி, ஓட்டைத் தட்டில் போட்டேன். அவ்வளவு நேரம் எடுத்து நான் எதையும் சாப்பிட்டதில்லை.

டிரைவர் அண்ணன்தான் பாவம். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு முதலில் சோற்றை மட்டும் பிசைந்தார். என் தோழி ஒரு முழு நண்டை அவர் தட்டில் வைத்தாள். அவர் கிராணியைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்தார்.

கை கழுவப் போன இடத்தில் பட்டுச் சேலை அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "விளையாட்டுப் பிள்ளையளோ? எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். கெட்ட மனசு இல்லாத கேள்வி.

"ஐயா தோட்டந்தாங்கம்மா" என்று கிராணியைக் காட்டினேன்.

அவர் ஆச்சரியமாகத் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடியோ? நான் கேட்டதுக்கு ஆரோ தெரியாத பிள்ளையள் எண்டல்லோ சொன்னவர்."

என் அப்பா அந்தத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். நான் பிறந்ததும் அந்த லயத்தில். விடிந்தால் இந்த மனிதர் என் பேரைக் கூப்பிட்டுத்தான் வேலைக்கு அனுப்புகிறார். போகும்போது அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று, நல்ல சத்தமாகவே சொன்னேன்: "போய்ட்டு வர்றோம் ஐயா. காலையில பெரட்டுல பாக்கலாம்." பின்னால் வந்த ஆறு பேரும் ஒவ்வொருத்தியாக அதையே சொல்லிவிட்டு வந்தார்கள். கிராணியின் மனைவி மட்டும் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் பார்த்தோம். விளையாட்டுக்கு இனி தோட்டத்து லோரி கிடையாது என்று கிராணி அறிவித்தார். என்னைச் சதுப்புப் பக்கம் இருந்த கடைசி பிளாக்குக்கு மாற்றினார். அங்கே தண்ணீர் வடியாது. பழம் சேற்றில் புதையும். கொசு புகை மாதிரி எழும்பும். டிரைவர் அண்ணனுக்கும் திட்டு விழுந்தது. நான் அவரிடம் வருத்தப்பட்டுப் பேசப் போனபோது அவர், "போகட்டும்லா. நண்டு நல்லா இருந்திச்சி" என்று மட்டும் சொன்னார்.

அப்பாதான் பயந்துவிட்டார். வீடு போய்விடுமோ என்று பயம். "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடும்மா" என்று என்னை ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசற்படிக்குக் கீழே கைகட்டி நின்றார். என் அப்பாவின் தோள், நாளெல்லாம் அரிவாள் கட்டிய கம்பு பிடித்து முறுக்கேறிய தோள், அங்கே எப்படிக் குறுகிப் போகும் என்பதை நான் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தேன்.

"என்ன சொல்லப் போறாய்?" என்றார் கிராணி.

"எதுக்கு மன்னிப்புன்னு தெரிஞ்சா கேட்டுக்கிறேன் ஐயா. மீன் தின்னதுக்கா, உக்காந்ததுக்கா?"

அப்பா என் கையைப் பிடித்தார். கிராணி என்னையே பார்த்தார். உட்கார்ந்தது தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல அவராலும் முடியவில்லை. "போ, போய் வேலையைப் பார்" என்றார். அவ்வளவுதான். வீட்டைப் பிடுங்கவில்லை. பழைய பிளாக்குக்கும் மாற்றவில்லை.

அன்றைக்கு எனக்குத் திட்டு விழும் என்று அம்மா சோறு போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். அப்பா திட்டவில்லை.

சதுப்பில் நான் ஒரு மழைக்காலம் முழுக்க வேலை செய்தேன். முதல் வாரத்திலேயே என் தோழி வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் தானே கேட்டு அங்கே வந்து சேர்ந்துகொண்டாள். காலில் சேற்றுப்புண் வந்தது. மாலையில் அந்தப் புண்ணோடு திடலில் பழகினோம். அடுத்த போட்டிக்குப் பஸ் ஏறிப் போனோம், அங்கேயும் தோற்றோம். அதற்கடுத்ததில் ஒரு ஆட்டம் ஜெயித்தோம். அதன்பிறகு நான் செரண்டாவில் பேக்டரி வேலைக்குப் போய்விட்டேன்.

பேக்டரியில் சேர்ந்த பிறகு ஒரு லீவு நாளில் வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் கேட்டார். "அந்த மீனு அப்படி என்னதான் ருசி?"

"வாங்க, காட்டறேன்" என்றேன்.

தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் போனோம். கடைக்காரம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்ததோ இல்லையோ, நன்றாகச் சிரித்தாள். அப்பா ஓரத்து மேசைக்குப் போனார். நான் அவரை ஆற்றைப் பார்த்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பாதிச் சாப்பாட்டில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கழுத்துப்பட்டை கட்டிய யாரோ ஒருவர் உள்ளே வந்தார். யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அப்பா இலையில் வைத்த கையோடு பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்கப்பா. நம்ம மேசை" என்றேன்.

நின்ற நிலையிலேயே என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். முள்ளை எடுத்து ஓரமாக வைத்து, இலையில் ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்துத் தின்றார்.

"புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். "இன்னொன்னு கொண்டாரச் சொல்லு."