மினசோட்டாவில் இப்போது விடிந்திருக்கும்

கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில் சோடாக்கடையிலிருந்து வாங்கிவந்த ஐஸ்கட்டியை, ஒட்டியிருக்கும் மரத்தூள் போகக் கழுவி, மல்லிகா சித்தி எங்கள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவாள். முதலில் சுகமாக இருக்கும், பிறகு குத்தும், பிறகு நெருப்பைப் போல எரியும், அதற்கும் பிறகு கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் மரத்துப்போகும். அந்த நேரம் பார்த்துச் சித்தி சொல்வாள்: "இப்ப தெரியுதா? அங்க வாசக்கதவு புடி இப்படித்தான் இருக்கும்." வெளியே ஏகாம்பரநாதர் கோயில் பக்கமிருந்து வரும் காற்று கூட அனலாக வீச, நானும் தம்பி சேகரும் மரத்த கையோடு மினசோட்டாவில் இருப்போம்.

சித்தி என் அம்மாவுக்கு ஒரே தங்கை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக அமெரிக்காவுக்குப் போனவள் அவள்தான். மாப்பிள்ளை இன்ஜினியர். அந்த நாட்டின் வடக்கு ஓரத்தில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் மினசோட்டா மாநிலத்தில் அவருக்கு வேலை. தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தகவல் போனதும், அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்த நாலரை வயது மகன் அருணை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு சித்தி வந்தாள். தாத்தா இறந்து காரியமெல்லாம் முடிந்தும் அவள் திரும்பிப் போகவில்லை. சித்தி லீவுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. எட்டு வயதில் எனக்கு அதில் பொறாமைதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் இத்தனை நீளமான லீவு யாரும் விட்டதில்லை.

சாயங்காலம் அப்பா தறியை விட்டு எழுந்து கைகால் கழுவிக்கொள்ளும் நேரத்தில் சித்தி மாடிப்படியில் வந்து உட்காருவாள். நாங்கள் கீழ்ப்படிகளில் இடம் பிடிப்போம். அவள் முதலில் கூடத்துக் கடிகாரத்தைப் பார்ப்பாள். "இப்ப அங்க விடிஞ்சிருக்கும். அருணு எழுந்து ஸ்கூல் பஸ்சுக்கு நின்னுக்கினு இருப்பான்" என்பாள். அங்கிருந்து கதை பிடித்துக்கொள்ளும்.

அந்த ஊர் மனிதர்களைப் பற்றி அவள் சொன்னால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அங்கே யாரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்களாம். விருந்து எத்தனை பிரமாதமாக இருந்தாலும் "மோசமில்லை" என்பதுதான் அவர்கள் தரக்கூடிய பெரிய பாராட்டாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் ரசமும் "மோசமில்ல", பொங்கல் துணியும் "மோசமில்ல", பக்கத்துத் தெரு கல்யாணப் பெண்ணும் "மோசமில்ல". அங்கே இரண்டே பருவம்தான், ஒன்று குளிர்காலம், இன்னொன்று ரோடு தோண்டுகிற காலம் என்று அந்த ஊர்க்காரர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்களாம். எதிர்வீட்டு ஏகாம்பரம் மாமா, அப்பாவோடு சேர்ந்து தறி கற்றவர், அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம ஊரு தேவலை மல்லிகா, இங்க ஒரே பருவந்தான், தோண்டுறது மட்டுந்தான்" என்றார். குடிநீர்க் குழாய்க்காக வெட்டிய பள்ளத்தைத் தாண்டித்தான் அவர் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கே வந்திருந்தார்.

ஆனால் ஏரிக் கதையை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை. குளிர்காலத்தில் ஏரித் தண்ணீர் முழுக்கக் கல்லாக இறுகிவிடும், அதன்மேல் லாரி ஓட்டிக்கொண்டு போவார்கள், நடு ஏரியில் துளை போட்டு முக்காலியில் உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள் என்று சித்தி சொன்னபோது, மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் புளுகினாலும் "ஏரிலாரி" என்று சொல்லத் தொடங்கினார்கள். தறிக்குப் பாவு நூல் நாளைக்கு வந்துவிடும் என்று முதலாளி சொன்னால் அது "ஏரிலாரி". கணக்கில் நூறு எடுத்தேன் என்று சேகர் சொன்னால் அதுவும் "ஏரிலாரி". அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றே தெரியாதவர்கள் கூட அதைப் பேசினார்கள்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் அருண் இருந்தான். பனியில் புதைந்த சிவப்பு பூட்ஸில் ஒன்று அங்கேயே மாட்டிக்கொள்ள, அது தெரியாமல் ஒற்றைக் காலில் காலுறையோடு பஸ் ஏறிப் போய்விட்டவன் அவன். எல்லாப் பிள்ளைகளும் பனியில் மனிதன் செய்தபோது, வீட்டில் நாய் வாங்கித் தராத கோபத்தில் பனியில் நாய் செய்து, அதற்குத் தன் சால்வையைக் கட்டிவிட்டு, தான் குளிரில் நடுங்கினவன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவிக்குக் கைகூப்பி "வணக்கம்" சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அந்தம்மா அன்றிலிருந்து தபால்காரரில் தொடங்கித் தன் வீட்டுக் குழாய் ரிப்பேர்க்காரர் வரைக்கும் எல்லோருக்கும் "வாங்கம்" போட்டாராம். நாங்கள் பார்த்தே இராத அருண் எங்கள் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான். தட்டை யாராவது போட்டு உடைத்தால், "நான் இல்ல, அருண் பண்ணான்" என்பான் சேகர். அதற்குச் சித்திகூடச் சிரிப்பாள்.

ஒரு நாள் நான் கேட்டேன், "சித்தி, அருண் இப்ப எந்த கிளாஸ்?" எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. நான் வளர்ந்துகொண்டே இருக்க, கதையில் அவன் இன்னும் அதே சிவப்பு பூட்ஸோடு நிற்கிறானே என்று திடீரெனத் தோன்றியதுதான் காரணம். சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். சித்தி திரும்பிப் போவதற்கான விசாவுக்குச் சித்தப்பாதான் காகிதம் அனுப்ப வேண்டும், அவர் அனுப்பவில்லை. போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். அந்த ஊர்க் கோர்ட்டிலேயே விவாகரத்து வாங்கி, வேறு கல்யாணமும் செய்துகொண்டார். பிள்ளை அவரிடம். இங்கே பார்த்த வக்கீல்கள் கையை விரித்துவிட்டார்கள். "நாலரை வயசுக்கு மேல அவளுக்கு அந்தப் புள்ளையத் தெரியாதுமா. தெரிஞ்சதத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினு இருக்கா. கேட்டுக்கோ, போதும். கேள்வி கேக்காத" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. ஏற்கெனவே கேட்ட கதைகளுக்கும் புதிதாகக் கேட்பது போலச் சிரித்தேன்.

நான் பத்தாவது முடித்த விடுமுறையில் அருண் வந்தான். சென்னையில் அவன் அப்பா வீட்டுக் கல்யாணம். பெரியவர்கள் யார் யாரோ பேசி, ஒரு மத்தியானம் மட்டும் பையனைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்ப அவர் சம்மதித்திருந்தார். தெருவே காத்திருந்தது. ஏகாம்பரம் மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்து வாசலில் நின்றார். சித்தி தலைக்குக் குளித்து, அவனுக்குப் பிடிக்கும் என்று மக்ரோனியும் பாலாடைக்கட்டியும் கடை கடையாகத் தேடி வாங்கி வந்து சமைத்திருந்தாள். வீடு முழுக்க எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பால்வாசனை.

காரிலிருந்து தன் அத்தையோடு இறங்கியவனுக்குப் பன்னிரண்டு வயது. என் தோளுக்கு மேல் உயரம். கைகுலுக்கினான். தமிழ் புரியவில்லை. சித்தி அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினாள். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடாமலேயே அவன் பதில் சொன்னான். அவன் 'மாம்' என்று சொன்ன ஓரிரு தடவையும் அது வேறொருவர், அவன் வீட்டில் இருப்பவர். சாப்பாடு எப்படியிருக்கிறது என்று அம்மா சைகையில் கேட்டதற்கு, "நாட் பேட்" என்றான். எங்கள் வீடே வெடித்துச் சிரித்தது. தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று விளங்காமல் அவன் திகைத்துப் பார்த்தான்.

அந்தச் சிரிப்பின் தைரியத்தில் சேகர் தன் ஓட்டை ஆங்கிலத்தில் சிவப்பு பூட்ஸைப் பற்றிக் கேட்டான். அருண் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். ஞாபகம் இல்லை என்றான். நான் பனிநாயைக் கேட்டேன். இல்லை. "வாங்கம்" பாட்டியைக் கேட்டேன். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்ததாகவே அவனுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டை விட்டு அவர்கள் எப்போதோ மாறிவிட்டிருந்தார்கள். மன்னிக்க வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னான். நல்ல பையன். அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

புறப்படும்போது அவன் ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தது. சித்தி குனிந்து அதைக் கட்டிவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பையன், காலை இழுத்துக்கொள்ளவில்லை. கட்டி முடித்தும் அவள் கை அந்தக் காலைவிட்டு விலகவில்லை. அத்தை ஹாரன் அடிக்கச் சொன்னார். அவன் நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

அன்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் நாங்கள் படியில் போய் உட்கார்ந்தோம். சித்தியும் வந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "அவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லப்பா. அப்ப அதெல்லாம் எனக்கு மட்டுந்தான் நடந்திருக்குது" என்றாள். குரலில் அழுகை எதுவும் இல்லை. எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு அவள் எங்களுக்கு ஒரு கதையும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்தப் போனாள். பஸ்ஸில் போவாள், வருவாள், பரீட்சைத் தாள் திருத்துவாள். நான் கல்லூரி முடிக்கும் சமயத்தில் மார்பில் கட்டி என்று தெரிந்தது. அவள் அதை வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். இறந்தபோது அமெரிக்காவுக்குத் தகவல் சொன்னோம். யாரும் வரவில்லை. சேகர்தான் கொள்ளி வைத்தான். ஏகாம்பரம் மாமா எங்கள் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "ஏரி மேல லாரி ஓடுதுன்னா. நான் சிரிச்சேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மாமாவும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. எங்கள் வீடு இருந்த இடம் இன்று ஒரு பட்டுக்கடைக்கு வண்டி நிறுத்துமிடம். சேகர் ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலையில் இருக்கிறான். "ஏரிலாரி" என்று எங்கள் தெருப்பிள்ளைகள் யாரும் இப்போது சொல்வதில்லை. அவர்களுக்குப் பொய்க்கு வேறு சொற்கள் இருக்கின்றன.

போன தை மாதம் அருண் வந்தான். சேகரை இணையத்தில் தேடிப் பிடித்து, என் முகவரி கேட்டு, தனியாக வந்தான். காதோரம் நரைத்திருந்தது. உன் அம்மா உன்னை விட்டுவிட்டுத் தானாகப் போனவள் என்றுதான் அவன் அப்பா சொல்லி வளர்த்திருக்கிறார், அவனும் நம்பியிருக்கிறான். இப்போது அவனுக்கு ஒரு பெண் குழந்தை. அதற்கு நாலரை வயது ஆனபோதுதான், இந்த வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி எப்படிப் போவாள் என்று முதன்முதலாகச் சந்தேகம் வந்ததாம். "அன்றைக்கு, நான் சின்னப் பையனாக வந்திருந்தபோது, ஏதோ கதையெல்லாம் கேட்டீர்களே, அதைச் சொல்லுங்கள்" என்றான்.

சொன்னேன். எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன், வராத இடத்தில் தமிழில் சொன்னேன். விட்டுப்போனதைச் சேகர் போனில் எடுத்துக்கொடுத்தான். மினசோட்டாவைக் கண்ணால் பார்த்தே இராத நாங்கள் இருவரும், அங்கேயே வளர்ந்தவனுக்கு அவன் தெருவையும் அவன் பள்ளிக்கூடப் பஸ்ஸையும் சொல்லிக்கொண்டிருந்தோம். பூட்ஸ் கதைக்குச் சிரித்தான். பனிநாய்க்குச் சால்வை கட்டிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எல்லாம் நிஜமா என்று கேட்டான். எல்லாம் நிஜம் என்றேன்.

எல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகு அவள் குரல் எப்படியிருக்கும் என்று கேட்டான். ஒரு கல்யாண வீடியோவிலாவது பதிவாகியிருக்காதா என்றான். இல்லை, கல்யாண வீடுகளில் அவள் முன்வரிசைக்கு வரமாட்டாள். மெதுவான குரல், கொஞ்சம் கனத்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் தன்னை எப்படிக் கூப்பிடுவாரோ அதேபோல ஒரு தடவை கூப்பிட்டுக் காட்ட முடியுமா என்றான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு, அவளை நினைத்துக்கொண்டு, "அருணு" என்றேன்.

அது என் குரலாகத்தான் வந்தது.