பார்த்ததுக்குக் கூலி

எகோன், கிரெஸ்டனுக்கு எட்டாயிரம் குரோனர் கடன்பட்டிருந்தான். தங்கை பிர்த்தேயின் புருஷனாச்சே என்று கிரெஸ்டன் கோர்ட்டுக்குப் போகவில்லை. எகோனை நினைத்தாலே அவருக்கு அருவருப்பு.

கிரெஸ்டன் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். அடுத்தவன் லாரியில் ஏறிச் சாக்கடை உறிஞ்சப் போனவர், ஐம்பது வயதில் ஆறு லாரிக்கு முதலாளி. யூலாந்து வட்டாரத்தில் அவர் கைபடாத கழிவுக்குழாய் கிடையாது. மண்ணைத் தோண்டாமலே, விரிசல் விட்ட குழாய்க்குள் பசை தோய்த்த உறையைச் செருகி, காற்றடைத்து விரித்து, இறுக வைத்துவிடுவார். முதலில் கேமரா விட்டுப் பார்க்காமல் உறையைத் தொடவே மாட்டார். எகோனின் பன்றிப் பண்ணையிலும் அப்படித்தான் செய்தார். எகோன் உறைக்குக் காசு கொடுத்தான், கேமராவுக்கான எட்டாயிரத்தைக் கொடுக்கவில்லை.

"பார்த்ததுக்குக் கூலியா? கண்ணு எனக்குந்தான் இருக்கு" என்று ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும், வாயோரம் கொழுப்பு வழியச் சொல்லிச் சிரிப்பான். சொந்தபந்தமெல்லாம் கூடச் சிரிக்கும்.

அவன் இப்போது ஆர்ஹூஸ் நகரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். இதயத்து ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலேயே அடைப்பு. மறுநாள் ஸ்டென்ட். உள்ளே நூல் மாதிரிக் கேமரா விட்டுப் பார்த்துத்தான் வைக்கணும் என்று டாக்டரம்மா சொன்னதும், கேமரா கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"அண்ணே, நீ பேசிப் பாரு" என்று பிர்த்தே அழுதாள்.

கிரெஸ்டன் உள்ளே போனார். எகோன் மீன் தின்றுகொண்டிருந்தான். தாடியில் சாறு.

"கேமரா வேணாமாமே?"

"எதுக்கு? சும்மா வச்சிட்டுப் போகட்டும்."

கேமராவுக்குச் சரியென்று சொன்னால் அடுத்த விருந்தில் சிரிப்பு இவன் பக்கம் திரும்பும். அதற்குச் சாவே மேல் என்று கிடக்கிறான்! கிரெஸ்டனுக்கு அது புரிந்தது.

"சரி மச்சான், வேணாம். என் பழைய முதலாளியும் ஒரு தெருவுல பாக்காமத்தான் உறை போட்டான். பெரிய குழாய் பளபளன்னு ஆச்சு. பக்கத்து வீட்டுலேர்ந்து வந்து சேர்ற குழாயோட வாயை மூடிட்டான். அந்த வீட்டுப் பீ எங்க போகும்? குளிக்கிற தொட்டி வழியா மேல வந்துச்சு. வீட்டுக்காரம்மா தொட்டியில படுத்திருந்தா."

"ச்சீ! திங்கறேன்ல?"

"தின்னு. அங்க நான் போய் வெட்டித் திறந்துவிட்டேன். பாக்காம வச்சு, உன் நெஞ்சுல கிளைக் குழாய் மூடிக்கிட்டா அந்தப் பக்கத்துச் சதை செத்துரும். செத்ததை யாரு திறந்துவிடுவா?"

எகோன் தட்டைத் தள்ளிவைத்தான். நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லு, பாத்துட்டே வைக்கட்டும்." குரல் இறங்கியது. "நீ விருந்துல சொல்லிருவியே?"

"சொல்லாம? பாட்டாவே பாடுவேன்."

"வாயை மூட எவ்வளவு?"

"எட்டாயிரம்."

"அதே காசா? இது கடன் இல்ல, தெரிஞ்சுக்க. வாயை மூடத்தான்."

"உன் மூஞ்சி. எடு."

அலமாரியில் தொங்கிய கால்சட்டையை எடுக்கச் சொன்னான். அதன் பையில், கணக்கில் வராமல் பன்றி விற்ற காசு, தொழுவ நாற்றத்தோடு சுருண்டு கிடந்தது. கிரெஸ்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். எகோன் கட்டைவிரலை நக்கி நக்கி, ஐந்நூறு ஐந்நூறாகப் பதினாறு நோட்டையும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.