புகையிலைக்கு விட்ட இடம்

மூன்றாம் வகுப்பில் நான் பாதிதான் படித்தேன். மீதிப் பாதியைப் புகையிலை படித்தது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

முப்பதுகளில் காங்கேயத்துப் பக்கம் எங்கள் ஊருக்குச் சர்க்கார் பள்ளிக்கூடம் வந்தது. கட்டிடம் வரவில்லை. ஊர் மணியக்காரர் தன் சரக்குக் கிட்டங்கியை விட்டார். நீளமான ஒரே அறை, ஒரே கதவு, காற்றுக்கு உச்சியில் இரண்டு ஓட்டை. உத்தரத்தைக் கரையான் தின்றிருந்ததால் ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டையில் சாயக் கூடாது என்பதுதான் வாத்தியார் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அ, ஆவெல்லாம் அதற்கப்புறம்.

கிட்டங்கியை விட்டாரே தவிர, உள்ளே இருந்த புகையிலைச் சிப்பங்களை மணியக்காரர் எடுக்கவில்லை. நல்ல விலை வரட்டும் என்று பாதி அறைக்கு ஓடு முட்ட அடுக்கியிருந்தார். மீதிப் பாதியில் நாற்பது பிள்ளைகள். அதில் பெண்கள் நாங்கள் பத்துப் பேர். ஒருத்தர் தும்மினால் அறையே தும்மும். வாய்ப்பாட்டை யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனாலும் ஒரு நாள் தவறாமல் போனேன். நாலாவது வரைக்கும் படிக்கலாம் என்று எங்கப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். முடித்திருந்தால் எங்கள் வீட்டில் கடிதம் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான்.

கார்த்திகை மாசம் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டும் தலைப்பாகையும். வாசலிலேயே ஏழு தும்மல். பிறகு நாடாவைப் பிடித்து அளந்தார், பனங்கட்டையை அண்ணாந்து பார்த்தார்.

“ஏனய்யா, நெருப்புப் பிடிச்சா இத்தனை குழந்தைகளும் இந்த ஒத்தைக் கதவு வழியா எப்படி வெளியே வரும்?”

“புடிக்க உட்ருவமுங்களா?” என்றார் மணியக்காரர். “எத்தனை சிப்பம் கெடக்குது உள்ள!”

இன்ஸ்பெக்டர் சட்டத்தைச் சொன்னார். மிச்சமிருக்கும் இடத்தில் முப்பது பிள்ளைக்கு மேல் உட்காரக் கூடாது. உத்தரத்தை மாற்ற வேண்டும். இன்னொரு கதவு வைக்க வேண்டும். அடுத்த மாதம் திரும்பி வருவேன் என்றார். சிப்பம் ஒழிந்தது என்று நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து மணியக்காரர் வந்து கதவருகே நின்றார்.

“அம்மணிகளா, நீங்கெல்லாம் எந்திரிச்சு ஊட்டுக்குப் போங்க கண்ணு. எடம் பத்துலீனு இன்ஸ்பெக்டர் சொல்லிப்போட்டாரு. உத்தரம் உங்க தலைமேல உளுந்தா யாரு பதில் சொல்றது?”

“பசங்க தலைமேல உளுந்தாப் பரவால்லீங்களா?” என்றேன்.

வாத்தியார் வந்த சிரிப்பைத் தும்மலாக்கிக்கொண்டார்.

“வாயப் பாரு! கட்டிக் குடுக்கற எடத்துல இந்த வாய ஒரு மாசம் தாங்க மாட்டாங்க” என்றார் மணியக்காரர்.

“அந்தச் சிப்பத்த எடுத்துப்போட்டா எடம் பத்துமுங்களே?”

“வெளிய போட்டாப் பனியில நமுத்துப் போயிருமல்லோ கண்ணு. நீங்க நமுக்க மாட்டீங்க.”

கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் கண்ணு, அம்மணி என்றுதான் தள்ளுவார்கள். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. எங்கப்பன் கேட்கப் போனார். அவரையும் மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். “ஆபத்துங்கறாங்க அம்மணி, பெரியவங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்” என்று வந்து உட்கார்ந்துகொண்டார்.

சொன்னபடி மார்கழியில் இன்ஸ்பெக்டர் வந்தார். எண்ணினார். முப்பது. உத்தரம், கதவு என்று கேட்டார்.

“மார்கழியில நெலை வெக்கக் கூடாதுங்களே. தை பொறக்கட்டுமுங்க.”

அதற்கு அவரும் தலையாட்டினார். அவர் வீட்டிலும் மார்கழியில் நிலை வைக்க மாட்டார்கள் அல்லவா? நான் வெளியே நின்று கத்தினேன்.

“ஏனுங்க அய்யா! நாங்க பத்துப் பேரு இங்க இருக்கறமுங்க. எங்களையும் எண்ணுங்க!”

அவர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

“உள்ளே இருக்கிறவங்களுக்குத்தான்மா சட்டம்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

தை பிறந்தது. கதவுக்கு நிலை வரவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மணியக்காரர் வீட்டுத் தாழ்வாரத்துச் சிப்பங்களையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். அவற்றை அளக்க யாரும் நாடா கொண்டு வரவில்லை.